டூல்பாரை மூடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும் முப்பரிமாண அனிமேஷன் தொடரை இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து இணையத்தில் படித்து வருகிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை இவ்வளவு பொறுமையாகத் தமிழில் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. எழுதுகிறவருக்கு முதலில் என் நன்றி. ஆனால் சென்ற வாரப் பகுதியில் ஒரு யோசனை உறுத்தியது. டி (T) விசையைத் தட்டி, கருவிகளின் ஐகான்கள் வரிசையாக நிற்கும் இடப்பக்கத்து டூல்பாரை மறைத்துவிடுங்கள், ஷார்ட்கட் விசைகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று எழுதியிருந்தார். என்னிடம் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன், இது புதிதாகக் கற்பவர்களுக்கு ஆகாது. அதிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுத்தமாக ஆகாது.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே சேன் ஆந்த்ரேவுக்கு வந்தேன். புதன்கிழமை மதியம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்பதால் சங்கக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அது முடிந்ததும் பெரிய பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என்று வளரும் பிள்ளைகள் காது கொடுத்துத் தமிழ் கேட்பது இந்த மாதிரி ஒரு வேலையில் இறங்கும்போதுதான். அதனாலேயே உங்கள் தொடரை வகுப்பில் சத்தமாக வாசித்துச் செய்ய வைக்கிறேன்.

சிக்கல் கீபோர்டில் ஆரம்பிக்கிறது. இங்கே விற்கும் லேப்டாப்பெல்லாம் பிரெஞ்சு கீபோர்டு. மேல் வரிசை ஏ, இசட், ஈ, ஆர் என்று தொடங்கும். உங்களுக்குக் க்யூ இருக்கும் இடத்தில் எங்களுக்கு ஏ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எம் எழுத்து நடு வரிசையின் கோடியில் கிடக்கிறது. முற்றுப்புள்ளிக்குத் தனி விசையே இல்லை, அரைப்புள்ளி விசையை ஷிஃப்ட்டோடு அழுத்த வேண்டும். எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிவட் பாயிண்ட் மெனுவைத் திறக்க முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள் என்று பாடம் சொன்னதும், எதை அழுத்துவது டீச்சர் என்று ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். அதே மெனுவுக்கான ஐகான் திரையின் மேல் பட்டியில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது!

மாயா என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். தேர்வு செய்ய க்யூ, நகர்த்த டபிள்யூ, சுழற்ற ஈ, அளவு மாற்ற ஆர். உங்கள் கீபோர்டில் இந்த நான்கும் வரிசையாக விரலுக்கடியில் வரும். அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். எங்களுக்கோ க்யூ நடு வரிசையில், டபிள்யூ கீழ் வரிசையில், மற்ற இரண்டும் மேலே. ஆனால் மாயாவின் இடப்பக்கத்துக் கருவிப் பெட்டியில் அந்தக் கருவிகள் காரைக்காலிலும் சேன் ஆந்த்ரேயிலும் ஒரே இடத்தில், ஒரே படத்தோடுதான் இருக்கின்றன.

கீபோர்டின் வலப்பக்கத்து எண் விசைகளான நம்பர்பேடும் அப்படியே. முன்பக்கம் பார்க்க 1, வலப்பக்கம் 3, மேலிருந்து 7, கேமராவுக்கு 0 என்று தொடரில் வருகிறது. சின்ன லேப்டாப்புகளில் நம்பர்பேடே கிடையாது. செட்டிங்கில் மேல் வரிசை எண்களையே நம்பர்பேடாக மாற்றிக்கொள்ள வழி உண்டுதான். ஆனால் அதைச் செய்தால், வடிவத்தைத் திருத்தும் எடிட் மோடில் புள்ளி, விளிம்பு, முகம் என்று மாற்றிக்கொள்ளும் 1, 2, 3 போய்விடும். அதைவிட, திரையின் வலது மேல் மூலையில் சிவப்பு, பச்சை, நீலப் பந்துகளோடு இருக்கும் அச்சு அடையாளத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும். பந்தைத் தட்டினால் அந்தப் பக்கம் திரும்பும். அதன் கீழே பூதக்கண்ணாடி, கை, கேமரா, கட்டம் என்று நான்கு ஐகான்கள். இவற்றைத் தொடரில் ஒரு முறைகூடக் குறிப்பிடவில்லை.

2019-இல் வந்த 2.80 பதிப்பில் பிளெண்டரின் டூல்பாரையே புதிதாக அமைத்தார்கள். அதற்கப்புறம் அது சும்மா அலங்காரமில்லை. ஐகான் மேல் மவுஸை வைத்தால் பெயர் வரும், ஷார்ட்கட் இருந்தால் அதுவும் வரும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பெயர்களோடு விரியும். மூலையில் குட்டி முக்கோணம் இருக்கும் ஐகானை அழுத்திப் பிடித்தால் உள்ளேயிருந்து இன்னும் சில கருவிகள் வரும். பொருளை முழுதாகக் கையாளும் ஆப்ஜெக்ட் மோடில் ஒரு வரிசை, டேப் தட்டி எடிட் மோடுக்குப் போனால் எக்ஸ்ட்ரூட், பெவல், லூப் கட், நைஃப் என்று வடிவத்தைத் திருத்தும் கருவிகள் எல்லாம் வந்து சேரும். எந்த மோடில் நிற்கிறோம், இங்கே என்னென்ன செய்யலாம் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

தீபாவளிக்குப் போட்டுக் காட்ட ஒரு சின்னப் படம் செய்தோம். அதில் ஒரு குத்துவிளக்கு. ஒரு பெண் விளக்கின் பாதி வடிவக் கோட்டை மட்டும் வரைந்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் டூல்பாரில் ஒவ்வொன்றாக மவுஸை வைத்துப் பார்த்தாள். கோட்டைச் சுழற்றி உருவமாக்கும் ஸ்பின் கருவி கண்ணில் பட்டது. அச்சை இசட் என்று வைத்துச் சுழற்றினாள். இடது கீழ்ப் பெட்டியில் கோணத்தை 360 ஆக்கி, படிகளைக் கூட்டினாள். தண்டும் தட்டும் உருண்டு திரண்டு வந்து நின்றன. ஷார்ட்கட் பட்டியலை மட்டும் வைத்திருந்தால், இப்படி ஒரு கருவி இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

தவறிப் போய் ஒரு விசையில் விரல் பட்டாலும் கஷ்டம்தான். எடிட் மோடில் ஓ பட்டுவிட்டால் புரொப்போர்ஷனல் எடிட்டிங் ஆன் ஆகிவிடும். அப்புறம் ஒரு புள்ளியை நகர்த்தினால் சுற்றியுள்ளதெல்லாம் கூடவே இழுபடும். மேல் பட்டியைப் பார்க்கப் பழகிய பிள்ளை, வட்ட ஐகான் நீலமாகியிருப்பதைப் பார்த்து அணைத்துவிடும். பழகாத பிள்ளை, கம்ப்யூட்டரே கெட்டுப்போச்சு என்று அழும். அனிமேஷனில், செய்யும் மாற்றத்தைத் தானாகப் பதிவு செய்யும் ஆட்டோ கீயும் இப்படித்தான். டைம்லைனில் அந்த வட்டப் பொத்தான் ஆனில் இருந்தால், 60-ஆவது பிரேமில் சும்மா விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலும் அந்த இடம் கீஃபிரேமாக, அதாவது அசைவின் ஒரு நிலையாக, பதிவாகிவிடும். முன்னாலேயே இன்னொரு கீஃபிரேம் இருந்தால், ஓட்டிப் பார்க்கும்போது சுடரோடு விளக்கே நகர்ந்து போகும்.

நான் ஷார்ட்கட்டுக்கு விரோதி இல்லை. பிளெண்டரில் நகர்த்த ஜி, சுழற்ற ஆர், அளவு மாற்ற எஸ், இந்த மூன்றும் எங்கள் கீபோர்டிலும் அதே இடத்தில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளும் வேகமாகவே தட்டுகிறார்கள். இந்தத் தீவின் லெ போர் நகரில் இலோய் என்ற கல்வி நிலையம் இருக்கிறது, அங்கே அனிமேஷன் கற்றுத் தருகிறார்கள். அதில் சேர வேண்டும் என்று சில பிள்ளைகளுக்கு ஆசை. அங்கே போகும்போது கை வேகம் வேண்டும், சரி. அது பழகப் பழக வரும்.

தொடர் எழுதுகிறவரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. எந்தக் கருவியைச் சொன்னாலும் அதன் ஐகானைச் சின்னதாக ஒரு படம் போடட்டும், டூல்பாரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதட்டும், பிறகு ஷார்ட்கட்டைச் சொல்லட்டும். பாடத்துக்கான ஸ்கிரீன்ஷாட்களை எடுக்கும்போது டூல்பாரைத் திறந்தே வைத்திருக்கட்டும். அடுத்த வாரம், உருவத்தை அசைக்க அதற்குள் எலும்புக்கூடு பூட்டும் பாடம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த எலும்புகளை அசைக்கும் போஸ் மோடில் டூல்பார் மறுபடி மாறும், அங்கே இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட நிலையை அமைக்கும் பிரேக்டவுனர் போன்ற கருவிகள் புதிதாக வரும். இந்த மாற்றத்தை அந்தப் பாடத்திலிருந்தே தொடங்கினால் எங்கள் புதன்கிழமை வகுப்புக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகி,
சேன் ஆந்த்ரே, ரெயூனியன் தீவு