கேஸ்பேஸ்-3 ஆன்டிபாடி எடுக்கறவங்க கவனிங்க

எல்லாருக்கும், வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஜெல்ல புரோட்டீனைப் பிரிச்சு, மெம்பிரேனுக்கு மாத்தி, ஆன்டிபாடியால கண்டுபிடிக்கிற முறை) புது கேஸ்பேஸ்-3 பிரைமரி ஆன்டிபாடி வந்தாச்சு, அதாவது செல் தானா சாகும்போது ஆக்டிவ் ஆகுற கேஸ்பேஸ்-3 என்சைமைப் பிடிக்கிறது, மைனஸ் 20 ஃப்ரீசர்ல மேல் தட்டுல இருக்கு. முயல்ல எடுத்தது, அதனால செகண்டரி (பிரைமரி மேல ஒட்டி சிக்னல் காட்டுற ரெண்டாவது ஆன்டிபாடி) முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கிற ஆன்ட்டி-ராபிட் தான், ஆன்ட்டி-மவுஸ் போட்டுட்டு பேண்டே வரலன்னு இங்க வந்து புலம்பாதீங்க 😄

முக்கியமா ஒண்ணு, இது முழு கேஸ்பேஸையும் பிடிக்கும் வெட்டுப்பட்டதையும் பிடிக்கும், அதனால 35 கிலோடால்டன் கிட்ட பேண்ட் பாத்த உடனே செல் சாகுதுன்னு எழுதிடாதீங்க, அது இன்னும் ஆக்டிவ் ஆகாத என்சைம், ஆக்டிவ் ஆனா 17, 19 கிட்ட தான் தெரியும். அவ்ளோ சின்ன புரோட்டீன் 0.45 மைக்ரான் மெம்பிரேன்ல நிக்காம தாண்டிப் போயிடலாம், 0.2 எடுங்க, ஜெல் 15 சதவீதம் போடுங்க, சாம்பிள் எவ்ளோ தூரம் ஓடிருக்குன்னு காட்டுற டை ஜெல்லை விட்டு வெளிய ஓடுற வரைக்கும் விட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க.

பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு (பேண்ட் கண்டிப்பா வரவேண்டிய சாம்பிள்) ஸ்டாரோஸ்போரின்ங்கற செல்லை சாகடிக்கிற மருந்து போட்ட ஜர்காட் செல்லோட லைசேட் (செல்லை உடைச்சு எடுத்த கரைசல்) ஒரு லேன்ல கண்டிப்பா வேணும். எம்சிஎஃப்-7 செல்லுல கேஸ்பேஸ்-3 கிடையாது, அதை பேண்ட் வரக்கூடாத நெகட்டிவ் கண்ட்ரோலுக்கு வச்சுக்கலாம், ஒரே பிளாட்ல ரெண்டும் இருந்தா யாரும் கேள்வி கேக்க முடியாது.

அப்புறம் டைல்யூட் பண்ண பிரைமரியை திருப்பி யூஸ் பண்ண, கெடாம இருக்க சோடியம் அசைடு போடுறவங்க, அது செகண்டரில இருந்து சிக்னல் தர்ற எச்ஆர்பி என்சைமை முடக்கிடும், செகண்டரிக்கு முன்னாடி நல்லா வாஷ் பண்ணுங்க. எடுத்தா ரெஜிஸ்டர்ல எழுதுங்க ப்ளீஸ்.