ஒல்லிக்கு ஒரு கடிதம், பதினாறு பெட்டிகள் சகிதம்

டேய் ஒல்லி,

எட்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் சர்க்கரை மட்டும் அதன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. உன் மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்ததைக் கேட்டுச் சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம ஸ்கோர் மாமா திருவல்லிக்கேணியைக் காலி செய்துவிட்டார். பெருங்குடியில் மகன் வீட்டுக்குப் போகிறார், பதினோராவது மாடி. மாமி போன பிறகு அவரைத் தனியாக விட மகனுக்கு மனசில்லை, அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஃபிளாட்டில் அவருடைய கிரிக்கெட் குறிப்புப் பெட்டிகளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டான். பழைய பேப்பர்காரன் தராசோடு வாசலில் நின்ற நேரத்தில் மாமா எனக்கு போன் செய்தார். "டேய், ஒரு ஆட்டோ எடுத்துண்டு வரியா" என்றார், அவ்வளவுதான். ஒரு ஆட்டோ இல்லை, மூன்று நடை. மொத்தம் 16 அட்டைப்பெட்டி, எல்லாம் ஜவுளிக்கடைப் பெட்டி, நாப்தலின் உருண்டை வாசனை. இப்போது என் ஹாலில் இருக்கின்றன. என் வீட்டம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அதில் ஒரு நிம்மதியும் உண்டு என்பதை நீ யாரிடமும் சொல்லாதே.

மாமா எதில் எழுதுவார் என்று ஞாபகம் இருக்கிறதா? கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். நல்ல அட்டை, காசு கிடையாது, மழையில் ஊறாது என்பார். நாற்பது வருஷமாக ஊரில் நடந்த முகூர்த்தமெல்லாம் இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது, மூலையில் மஞ்சள் தடவியபடியே. முன்பக்கம் யாரோ ஒருவர் மகளின் நிச்சயதார்த்தம், திருப்பினால் 4.11.1934, சேப்பாக்கம், மதராஸ் - மைசூர். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம். எம். ஜே. கோபாலன் முதல் பந்தைப் போட, எதிரே நின்றவர் என். கர்ட்டிஸ். மைசூர் 48, மதராஸ் 130, திரும்ப மைசூர் 59, ஒரே நாளில் கதை முடிந்தது. ஏ. ஜி. ராம் சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட். "அந்த மனுஷன் ஒரு டெஸ்டுகூட ஆடலை, பிள்ளைகள் இரண்டு பேர் ஆடினாங்க" என்று ஓரத்தில் மாமா கையெழுத்தில் ஒரு பெருமூச்சு வேறு.

அப்புறம் பென்சில். நீலம் என்றால் அச்சில் பார்த்தது, சிவப்பு என்றால் வாய்வழி கேட்டது. பேப்பரில் பார்க்காமல் எதையும் நீலத்தால் எழுத மாட்டார். கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்து பழைய நாளிதழ்களைப் பார்த்துக் கையால் எழுதி எழுதியே விரல் வளைந்துபோனது. நாம் அவரைக் கிண்டல் செய்தோம், "மாமா, மதிய சாப்பாடு நீலமா சிவப்பா" என்று. இப்போது இந்த அட்டைகளைப் படிக்கும்போது அந்தக் கிண்டல் நினைவுக்கு வந்து கொஞ்சம் கூசுகிறது.

1952 சேப்பாக்கம் டெஸ்டை வைத்து மாமா ஆட்களைச் சோதிப்பாரே, அதை மறந்திருக்க மாட்டாய். இங்கிலாந்தை நாம் முதன்முதலாக ஜெயித்த ஆட்டம், இன்னிங்ஸும் 8 ரன்னும், வினு மங்கட் 12 விக்கெட். திருவல்லிக்கேணியில் வயசான ஆள் எவரைக் கேட்டாலும் "நான் நேர்ல பார்த்தேன்" என்பார். மாமா மறுக்க மாட்டார், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பிப்ரவரி 7-ஆம் தேதி யார் நன்னா ஆடினா?" அவரும் வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு ஆட்டமே கிடையாது! ஆறாம் தேதி ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்து, ஏழாம் தேதியை ஓய்வு நாளாக்கிவிட்டார்கள். அதைச் சொல்லி அவமானப்படுத்தவும் மாட்டார். வீட்டுக்கு வந்து சிவப்புப் பென்சிலை எடுப்பார். அப்போது எட்டு வயசுப் பையனான மாமாவை அவர் அப்பா கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தக் கோபம்தான் இந்த 16 பெட்டியும் என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது நாலாவது பெட்டி. ஒல்லி, அதில் உன் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. உன் பெயருக்குப் பின்னால் அச்சில் மூன்று டிகிரி (மூன்றாவது எப்போது வாங்கினாய்?). பின்பக்கம் சி. ராமசாமி. புச்சி பாபு நாயுடுவின் மகன். வெள்ளைக்காரர் கிளப் பெவிலியனில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தாரே, அந்த புச்சி பாபு. மகன் 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936-ல் மான்செஸ்டரில் டெஸ்டில் இறங்கினார், அப்போது வயசு 40! அடித்தது 40, 60. நாற்பது வயசில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தேன், நீ வீட்டு லோன், நான் மூலம் ஆபரேஷன்.

அதே 1936 பயணத்தில்தான் கோபாலனும். பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்தில் கிரிக்கெட்டா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. பெர்லினில் நம் ஆட்கள் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கத்தோடு வந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் மாமா குரல் இறங்கிவிடும், சொந்தத் தம்பிக்கு நடந்த மாதிரி.

ராமசாமி அட்டைக்கு வருகிறேன். கடைசியில் ஒரு வரி நீலத்தில்: அக்டோபர் 1985, அடையாறு வீட்டிலிருந்து வெளியே போனார், அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 89 வயசு. அதற்குக் கீழே அட்டை முழுக்கச் சிவப்பு, யார் யாரோ சொன்னது, இடமில்லாமல் உன் மாமனார் பெயர் மேலேயே எழுதியிருக்கிறார். அந்தச் சிவப்பை நான் உனக்கு எழுத மாட்டேன், அது மாமா சட்டம். ஆனால் நடு ராத்திரி வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விளையாட்டில் நாட்டுக்காக ஆடிய மனிதர் நம் ஊரில் தெருவில் இறங்கி நடந்துபோகிறார், அவ்வளவுதான். அப்போது நீயும் நானும் காலேஜில் இருந்தோம். நம் காதில்கூட விழவில்லையே?

மறுநாள் மாமாவிடம் கேட்டேன். "அந்த அட்டை பத்திரமா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். புது வீட்டு பால்கனியிலிருந்து மைதானம் எதுவும் தெரியவில்லையாம், நீச்சல்குளம்தான் தெரிகிறதாம்.

கவலை இதுதான். ஏழாவது பெட்டியின் அடியில் கரையான் ஓடியிருக்கிறது. நான் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன், நாளைக்கு முப்பது அட்டைக்கு மேல் முடியவில்லை, அதிலும் பாதி கலங்கல். பெரிய இடம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். கோப்பை, மட்டை இருந்தால் கொண்டு வாருங்கள், பத்திரிகை வேண்டாம் என்றார்கள். கல்யாணப் பத்திரிகை என்று சொன்னதுதான் தப்பு.

ஓசூரில் உன் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது? ட்ரெட்மில்லில் துணி காயப்போடுகிறாய் என்று உன் மனைவியே சொன்னாள். ஈரம் இல்லாத சுவர், மேலே ஒரு ஃபேன், வேறொன்றும் வேண்டாம். மாதம் ஒருமுறை நான் வந்து உட்கார்ந்து படம் எடுக்கிறேன், சாப்பாடு உன் செலவு. புதன்கிழமைக்குள் சொல், வேன்காரர் காத்திருக்கிறார். பதினைந்து பெட்டி அனுப்புகிறேன். நாலாவது மட்டும் என்னிடமே இருக்கட்டும், இன்னும் படித்து முடிக்கவில்லை.

இப்படிக்கு,
குண்டன்