எங்கள் பதாகையை மட்டும் ஏன் கழற்றினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு – கல்முனை வீதியில் ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் போய் வந்தால் தெரியும். கம்பத்துக்குக் கம்பம் ரியூசன் பெனர், திருப்பத்தையே மறைத்துக்கொண்டு புதுக்கடைத் திறப்பு விழா, திருவிழா முடிந்து எத்தனையோ நாளாகியும் கழற்றாத கோயில் வரவேற்பு, வெயிலில் முகம் வெளிறிப்போன 31ஆம் நாள் நினைவஞ்சலி. இதெல்லாம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. எங்கள் ஒழுங்கைக்காரர் ஆறேழு பேர் சேர்ந்து வேலியில் கட்டிய ஒரு துணிப் பதாகைதான் உறுத்தியது. "மூன்று மாரி போய்விட்டது, வடிகான் எப்போது?" என்று எழுதியிருந்தோம். யாருடைய பெயரும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. இரண்டாம் நாள் காலையில் பிரதேச சபையின் உழவு இயந்திரம் வந்து கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதே வேலியில் கட்டியிருந்த கைப்பேசி விளம்பரம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

கேட்கப் போனேன். அனுமதி எடுக்கவில்லை என்றார்கள். சரி, பக்கத்தில் இருப்பதற்கு அனுமதி இருக்கிறதா என்றால் பதில் இல்லை. வெளியே வரும்போது ஊழியர் ஒருவர் மெல்லச் சொன்னார், "சேர், அது விளம்பரம்தானே, உங்கட அப்படியில்லையே." அவர் மீது எனக்குக் கோபமில்லை, உள்ளதைச் சொன்னார்.

பலகைகளைக் கட்டுப்படுத்த சபைக்கு அதிகாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1978 சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது, மாரிக் காற்றுக்குக் கூரைத் தகடே பறக்கும்போது கயிற்றில் கட்டிய பலகை எந்த மூலைக்கு? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி, அதாவது சபை தன் எல்லைக்குள் போடும் விதி, இயற்ற இடம் தருகிறது. எவ்வளவு பெரிதாக இருக்கலாம், வீதியோரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எத்தனை நாளில் கழற்ற வேண்டும், கட்டணம் என்ன என்பதையெல்லாம் தாராளமாக எழுதட்டும், எழுதியதை வர்த்தமானியில் போடட்டும். பலகையில் இருக்கும் வசனத்தை வாசித்துவிட்டுக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் பேச்சுரிமையை இன, மத ஒற்றுமை, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் போன்ற சில காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம்தான், ஆனால் சட்டத்தால் மட்டுமே. யாரோ தொலைபேசியில் சொன்னார் என்பதற்காக இல்லை. வடிகான் கேட்பது அந்தப் பட்டியலில் எதற்குள் வருகிறது?

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக் கில்பர்ட் என்ற ஊரில் இதே மாதிரி ஒன்று நடந்தது. சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறிய தேவாலயம், ஞாயிறு ஆராதனை எங்கே என்று வழிகாட்டப் பலகை வைத்தது. அந்த வகைப் பலகை 6 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது, ஆராதனைக்கு 12 மணித்தியாலம் இருக்கும்போதுதான் வைக்கலாம், முடிந்து ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது ஊர்ச் சபையின் விதி. தேர்தல் பலகைக்கோ 32 சதுர அடிவரை அனுமதி, நாட்கணக்கில் நிற்கலாம். 2015இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமித்து, இந்த விதி செல்லாது என்றது. பலகையில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஆளுக்கொரு அளவு வைத்ததுதான் குற்றம். அளவு, இடம், வெளிச்சம் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி விதி வைக்க அங்கேயும் தடையில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு, முஸ்லிம்கள் வாழும் பக்கத்து ஊரான காத்தான்குடியில் பெயர்ப் பலகைகளில் இருந்த அரபு எழுத்துகள் அகற்றப்பட்டபோது, அது எங்கள் பிரச்சினை இல்லையே என்று தமிழர் பக்கத்தில் பலர் பேசாமல் இருந்தோம். நானும்தான். இப்போது ஒரு வடிகான் பதாகைக்காகக் கத்துகிறேன்.

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு சபைகளில் திரும்பவும் நாங்கள் தெரிவு செய்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். பாலத்தைவிடப் பெரிய பலகையில் தங்கள் படத்தோடு "வழிகாட்டலில்" என்று போடுகிறவர்களும் இவர்கள்தான், அந்தப் பலகைகளுக்கும் இதே அளவுநாடாவைப் பிடிக்கட்டும். உபவிதி இருந்தால் அலுவலக வாசலில் தமிழில் ஒட்டட்டும். கழற்றினால் ஏன் கழற்றினோம் என்று ஒரு துண்டுக் கடிதம் தரட்டும், துணியையும் திருப்பித் தரட்டும், காசு போட்டு வாங்கியது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உபவிதியின் பிரதி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை வேலிக்கு உட்பக்கமாக, நாலடிக்கு இரண்டடியில், அதே வசனத்தைத் திரும்ப எழுதிக் கட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாசகர் ஒருவர்