எட்டுக் கோயிலுக்குப் பதினாறு பவுண்டு

இப்ஸ்விச்
15 செப்டம்பர் 2025

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீங்களும் அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. "64 வயசுல, முட்டிவலியோட, யாரோ ஊர்க் கோயில் கூரைக்கு நீ ஏம்மா சைக்கிள் மிதிக்கணும்? நான் வேணா காசு அனுப்புறேன், நீ வீட்ல இரு" என்றாய். என் முட்டியை நினைத்துத்தான் கேட்டாய் என்று தெரியும். ஆனாலும் அந்த "யாரோ ஊர்" மனதில் கிடந்து உறுத்தியது. போனில் பேசினால் நீ நடுவில் பேசிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை போய் வந்துவிட்டேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ இந்த ஊரை விட்டுப் போகும்வரை நாம் இதில் சேர்ந்ததே இல்லை, அதனால் உனக்கு இதன் முறை தெரியாது. வருடா வருடம் செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, இந்த சஃபோக் கவுண்டி முழுக்கக் கோயில் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள். சைக்கிளிலோ நடந்தோ எத்தனை கோயிலுக்குப் போக முடியுமோ அத்தனைக்குப் போகலாம். போவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும்: நான் போகிற ஒவ்வொரு கோயிலுக்கும் நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? ஒருவர் 50 பென்ஸ் எழுதுவார், ஒருவர் ஒரு பவுண்டு எழுதுவார், சிலர் மொத்தமாகப் பத்து என்று போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஒருவர் உட்கார்ந்திருந்து நம் தாளில் கையெழுத்துப் போடுவார். சேர்ந்த பணத்தில் பாதி நாம் சொல்கிற கோயிலுக்குப் போகும். மறுபாதி சஃபோக் வரலாற்றுக் கோயில்கள் அறக்கட்டளைக்கு. 1973ல் தொடங்கிய அறக்கட்டளை அது. கூரை ஒழுகுகிறது, கோபுரம் விரிசல் விட்டிருக்கிறது என்று எந்தக் கோயில் கேட்டு வந்தாலும் அந்தப் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். இப்போது இங்கிலாந்தின் பல கவுண்டிகளில் அதே சனிக்கிழமை இது நடக்கிறது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பாய். நானும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலாந்து திருச்சபைக்குச் சுமார் 16,000 கோயில்கள், அவற்றின் பராமரிப்பு பெரும்பாலும் அந்தந்தச் சபையின் தலையில்தான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிற சபையாக இருந்தாலும் அறுநூறு வருடத்துக் கூரையை அவர்கள்தான் தாங்க வேண்டும். இதில் கூரையின் ஈயத் தகட்டைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் வேறு. ஒரே இரவில் உரித்துவிடுவார்கள், மழை பெய்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

காலையில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஹேல்ஸ்வொர்த்தில் இறங்கினேன். அப்பா வரவில்லை. அவர் நம் கோயில் வாசல் மண்டபத்தில் மேசை போட்டு, பேனாவும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினொரு பேர் வந்தார்களாம். அத்தனை பேரிடமும் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டு வைத்திருக்கிறார். உன் அப்பாவைத் தெரியாதா உனக்கு!

ஹேல்ஸ்வொர்த் கோயிலில் முதல் கையெழுத்து. அங்கிருந்து பிராம்ஃபீல்டு. கூரை வேய்ந்த கோயில் அது, நம் ஊரில் ஓலை வேய்வதுபோல் இங்கே நாணல். கோபுரம் கோயிலோடு ஒட்டாமல் தனியாக, உருண்டையாக நிற்கிறது. உருண்டைக் கோபுரங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. இப்படித் தனியாக நிற்பது சஃபோக்கிலேயே இது ஒன்றுதான். சக்கிமுக்கிக் கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெட்டி மூலைக்கல் செய்ய அந்தக் கல் தோதுப்படாது, அதனால் மூலையே இல்லாமல் வட்டமாகக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள்.

உள்ளே பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைச் சிற்பம். எலிசபெத் கோக் என்கிற பெண், 1627ல் பிரசவத்தில் இறந்தவள். வெள்ளைக் கல்லில் படுத்திருக்கிறாள், கையணைப்பில் துணி சுற்றிய குழந்தை. மேலே கணவன் மண்டியிட்டு ஜெபிக்கிறான். முப்பது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்தத் துணி சுற்றியிருந்த விதத்தைத்தான் முதலில் பார்த்தேன். கைகளை உள்ளே வைத்து, இறுக்கமாக, தலையை மட்டும் விட்டு. நான் எத்தனை ஆயிரம் தடவை சுற்றியிருப்பேன்! கல்லில் செதுக்கினவனுக்குக் குழந்தையின் பாரம் அம்மாவின் கையில் எங்கே அமரும் என்று தெரிந்திருக்கிறது. இருபது நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். ஜெபித்தேன். நானூறு வருடத்துக்கு முன்னால் இறந்தவளுக்காக என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. உனக்காக ஜெபித்தேன்.

அடுத்தது வென்ஹாஸ்டன். இதைக் கட்டாயம் உனக்குச் சொல்ல வேண்டும். அங்கே பலகையில் தீட்டிய நியாயத்தீர்ப்புப் படம் ஒன்று இருக்கிறது. 1500ஐ ஒட்டித் தீட்டியதாம். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தம் வந்தபோது அதன்மேல் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். முந்நூறு வருடத்துக்கும் மேலாக அது மறைந்தே கிடந்தது. 1892ல் கோயிலைப் பழுது பார்த்தபோது பழைய பலகைதானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள். அன்று இரவு மழை. காலையில் வந்து பார்த்தால் சுண்ணாம்பு கரைந்து, உள்ளேயிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன! தேவதூதன் மிகாவேல் தராசு பிடித்து ஆத்துமாக்களை நிறுக்கிறார், ஒரு பக்கம் நரகம் பெரிய மீன் வாயைப்போல் திறந்திருக்கிறது. ராஜாவும் பிஷப்பும் உடம்பில் துணியில்லாமல், தலையில் கிரீடத்தையும் தொப்பியையும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாக் கோயிலிலும் மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், இந்த ஒரு கோயிலில் மழைதான் ஒரு பொக்கிஷத்தைக் கொடுத்திருக்கிறது.

வாசலில் ஒரு பாட்டி. என்னைவிட இருபது வயது கூட இருக்கும். ஆரஞ்சு ஸ்குவாஷ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எந்தச் சபை என்று கேட்டார். சொன்னேன். அதற்கு முன்னால் என்றார். திருநெல்வேலிப் பக்கம், மெஞ்ஞானபுரம் என்றேன். அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஊர் தெரியவில்லை. ஆனால் "திருநெல்வேலி" என்ற பெயரைத் தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறாராம். பாட்டி வீட்டு அடுப்பு மாடத்தில் மிஷன் உண்டியல் இருக்குமாம், சில்லறை மிஞ்சினால் அதில் போடுவார்களாம்.

மகளே, நீ கேட்டதற்குப் பதில் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. நம் ஊர்த் தேரிக்காட்டு மணலில், பனைமரங்களுக்கு மேலே 192 அடிக்குக் கோபுரம் எழும்பியிருக்கிறதே, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஊர் வருமுன்னே கண்ணில் படுமே, அந்தக் கோயிலைச் சின்னப்பிள்ளையில் நான் பார்த்துக்கொண்டே சைக்கிள் பழகினேன். மாமாவின் சைக்கிளில் குரங்குப் பெடல். அதைக் கட்டிய மிஷனரியை அனுப்பிய சர்ச் மிஷனரி சங்கத்துக்கு இங்கே பெரிய மனிதர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? கிராமத்து வேலைக்காரர்கள் வாரம் ஒரு பென்னி கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட மெஞ்ஞானபுரத்தைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது யாரோ ஊர்தான்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. நம் ஆட்களும் சும்மா கை நீட்டிக்கொண்டு இருக்கவில்லை. உன் பூட்டி உலை வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப்பானையில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவாள், பிடி கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் வந்து அளந்து வாங்கிப்போவார்கள். நான் அந்தப் பானையில் கைவிட்டு விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். "அது கோயிலுக்குள்ளது, ஏட்டி." இந்தத் தாளில் 50 பென்ஸ், 50 பென்ஸ் என்று வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பானைதான் ஞாபகம் வருகிறது. நீ மொத்தமாக அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிடிபிடியாகச் சேர்வது வேறு. தாளோடு போய் நிற்கும்போது, பதினெட்டு வீட்டில் கதவு திறந்து, "எந்தக் கோயில்? என்ன ஆச்சு அதுக்கு?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு சீக்கியத் தாத்தாவும் எழுதிக் கொடுத்தார்.

வென்ஹாஸ்டனிலிருந்து பிளைத்பரோ போகிற வழியில் செயின் கழன்றுவிட்டது. ஆளரவம் இல்லாத சந்துப் பாதை, இரண்டு பக்கமும் முள்வேலி. ஒரு குச்சியை ஒடித்து, செயினைப் பின் பல்லில் மாட்டி, பெடலைப் பின்னுக்குச் சுற்றினேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தது. கையெல்லாம் கிரீஸ். புல்லில் துடைத்தும் போகவில்லை. வேலியில் கருப்பாகப் பிளாக்பெரி பழுத்துக் கிடந்தது, அந்தக் கையாலேயே நாலு பறித்துத் தின்றேன்.

பிளைத்பரோ கோயிலைச் சதுப்பு நிலத்தின் பேராலயம் என்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் விரிந்து கிடக்க, அதன் கரையில் கப்பல் ஒதுங்கினதுபோல் நிற்கிறது. உள்ளே போனால் வெளிச்சம், அவ்வளவு வெளிச்சம்! மேலே கூரையின் நடு உத்தரத்தில் மரத்தில் செதுக்கின தேவதூதர்கள் சிறகை விரித்தபடி பன்னிரண்டு பேர். சாயம் மங்கியிருக்கிறது, சிறகு விரிந்தபடியே இருக்கிறது. 1644ல் டவுசிங் என்பவன் பார்லிமெண்ட் கட்டளையோடு சஃபோக் கோயில்களில் சிலைகளையும் கண்ணாடிகளையும் உடைத்துக்கொண்டே வந்தான். இங்கேயும் வந்தான். தேவதூதர்களின் உடம்பில் துப்பாக்கி ரவை துளைத்த அடையாளம் இருப்பதால் அவனுடைய ஆட்கள்தான் சுட்டார்கள் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பிறகு பழுதுபார்க்கும்போதுதான் வேறு கதை தெரிந்தது. உள்ளே கூடு கட்டுகிற காக்கைகளைச் சுட மருந்தும் ரவையும் வாங்கின செலவு சபைக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. 1700களில் கோயில்காரர்களே குறி தவறிச் சுட்டிருக்கிறார்கள்!

வடக்குக் கதவில் கருகின தடங்கள். 1577 ஆகஸ்டு 4, ஞாயிறு ஆராதனை நடக்கும்போது இடி மின்னல், கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தது. ஆட்கள் செத்தார்கள். கறுப்பு நாய் உருவில் சாத்தான் வந்து பிறாண்டிய நகத்தடம் அது என்று ஊரில் சொல்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், விரல் நுனி உள்ளே போகிறது.

இந்தக் கோயிலை 1881ல் ஆபத்து என்று பிஷப் மூடிவிட்டார் தெரியுமா? அதற்கு முன்னால் மழை பெய்தால் ஆராதனையில் குடை பிடித்துக்கொண்டு உட்காருவார்களாம். மேலே தேவதூதர், கீழே குடை. அன்றைக்கு ஊர் ஊராகக் காசு சேர்த்துத் திரும்பத் திறக்காமல் விட்டிருந்தால் நான் இன்றைக்குக் கல்குவியலைத்தான் பார்த்திருப்பேன். கையெழுத்துப் போட்டவரிடம் தாளை நீட்டும்போது என் கட்டைவிரல் கிரீஸ் பிளைத்பரோ வரிசையில் அப்படியே பதிந்துவிட்டது. வேறு தாள் தரட்டுமா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வால்பர்ஸ்விக், பிறகு துடுப்புப் படகில் சைக்கிளோடு ஆற்றைக் கடந்து சவுத்வோல்டு, ரெய்டன். ரெய்டனில் நான் போன நேரம் யாரும் இல்லை. நூலில் கட்டின பென்சில், ஒரு தாள், மூடி வைத்த தண்ணீர் ஜாடி. நானே எழுதிவிட்டு வந்தேன்.

கடைசி கோவ்ஹைத். மாபெரும் கோயில் ஒன்று, கூரை இல்லாமல், சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஜன்னல்கள் வழியே ஆகாயம். அந்தச் சுவர்களுக்கு நடுவே, கோபுரத்தை ஒட்டி, சின்னதாகக் கூரை வேய்ந்த ஒரு கோயில். பெரியதைத் தாங்க முடியாது என்று தெரிந்து ஊர்க்காரர்கள் அனுமதி வாங்கிக் கூரையைப் பிரித்துவிட்டு, 1672ல் தங்களால் முடிந்த அளவுக்கு உள்ளேயே ஒன்று கட்டிக்கொண்டார்கள். இன்றும் அதில் ஆராதனை நடக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் ரோடு திடீரென்று முடிந்து, கீழே கடல். வருடத்துக்குச் சில மீட்டர் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. கடல் இந்தக் கோயிலையும் ஒருநாள் எடுத்துக்கொள்ளும், அது எல்லாருக்கும் தெரியும். அப்படியும் கூரைக்குப் புது நாணல் போடுகிறார்கள். வாசலில் இருந்தவரிடம் கேட்டேன், கடல் வருமே, பிறகு எதற்கு என்று. "ஞாயிற்றுக்கிழமை நனையக் கூடாதே" என்றார்.

இரண்டு மணிக்கு மேசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா காரில் வந்திருந்தார். டப்பாவில் புளிச்சாதம், வறுத்த கத்தரிக்காய். அந்த இடிந்த சுவர் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். கிரீஸ் கையைப் பார்த்துவிட்டு ஸ்பூனை நீட்டினார்.

ஆக எட்டுக் கோயில். வசூலுக்கு இனி வீடு வீடாகத் திரும்பப் போக வேண்டும். தாளில் கடைசி வரியில் உன் பெயரையும் எழுதி, ஒரு கோயிலுக்கு இரண்டு பவுண்டு என்று நானே போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. 16 பவுண்டு. இங்கே வரி கட்டுகிறவர்கள் கொடுத்தால் பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கும். நீ மெல்பர்னில் இருப்பதால் அது கிடைக்காது, பரவாயில்லை. அப்பா கணக்குக்கு அனுப்பிவிடு. பாதியை நம் கோயிலுக்குப் போகும்படி எழுதியிருக்கிறேன், வடக்குப் பக்கம் தண்ணீர் இறங்குகிற இடம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஞாயிறு பள்ளியில் உட்காருகிற பெஞ்சுக்கு மேலே.

தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன் அப்பாவை. நாலாவது வரியில் கறுப்பாக இருப்பது என் கட்டைவிரல்.

அன்புடன்,
அம்மா