கையொப்பத்துக்கு விட்ட இடம்: குமரி மாவட்டப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒரு பெண் எழுதுகிறேன். என் மகன் உங்களில் ஒருவருடைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். எந்தப் பள்ளி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உரியவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் என்னைப் பள்ளிக்கு அழைத்தார்கள். அன்றைய வெட்டை முடித்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து ஊற்றிவிட்டு, எவ்வளவு கழுவியும் போகாத ரப்பர் வாடையோடு பத்து மணிக்குப் போய் நின்றேன். மேசையின் மேல் ஒரு தாள் இருந்தது. "குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று யாரோ அழகாக எழுதி வைத்திருந்தார்கள். கீழே என் பெயரும் இருந்தது. கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி என்ன சூழ்நிலை என்று கேட்டேன். பையன் கணக்கில் தேறவில்லை, இவனைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும் என்றார்கள். தேறவில்லை என்றால் ஒன்பதிலேயே இன்னோர் ஆண்டு இருக்கட்டும், எனக்குச் சம்மதம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், தேர்ச்சி என்றே போட்டுத் தருகிறோம், எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் என்றார்கள். யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார்கள், தேநீரும் வரவழைத்தார்கள். வெளியே வராந்தாவில் நின்று அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுடைய கணக்கு மதிப்பெண்களை நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா? ஜூலைத் தேர்வில் நூற்றுக்கு 7. காலாண்டில் 14. அரையாண்டில் 22. முழு ஆண்டுத் தேர்வில் 31. தேற வேண்டியது 35. கடைசி எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு நான்கு மதிப்பெண் குறைகிறது. நான் நான்கு எண்களையும் பார்த்தேன்.

7 வாங்கிய அன்று அவன் சாப்பிடவில்லை. சில நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தான். எதற்கு என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு புரியாததற்குக் காரணம் ஆறாம் வகுப்புப் பின்னமே புரியாததுதான் அம்மா என்றான். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தான். அதிகாலை மூன்றரை மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நான் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவனும் எழுந்து உட்காருவான். ஆறாம் வகுப்பை முடித்து ஏழு, ஏழை முடித்து எட்டு என்று தனியாக ஏறி வந்தான். டியூஷனுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை.

பிப்ரவரி மாதத்தில் அதே பள்ளியில் விடாமுயற்சியைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருந்தார்கள். தோல்வியில் துவளாதே என்று அவர் சொன்னதை எல்லாம் என் மகன் நோட்டில் எழுதிவந்து எனக்கு வாசித்துக் காட்டினான். அந்த அரங்கில் இருந்தவர்களில் அதை முழுதாக நம்பியவன் அவன். நம்பியவனைத்தான் இப்போது வெளியே போகச் சொல்கிறார்கள்.

உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்.

என்னிடம் தாளை நீட்டிய அந்த அறைச் சுவரில் இஸ்ரோ தலைவர் வி. நாராயணனின் படம் மாட்டியிருக்கிறது. நம் மேலகாட்டுவிளைக்காரர். 2018 முதல் 2022 வரை அதே பொறுப்பில் இருந்த கே. சிவனும் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளைக்காரர். நமக்கு எவ்வளவு பெருமை! அறிவியல் கண்காட்சிக்காக என் மகன் தயார் செய்தபோது இஸ்ரோவின் ராக்கெட் வரலாற்றை நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இயந்திரத்தோடு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் இயந்திரத்தோடு, முதன்முதலில் கிளம்பிய ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரல் 15 அன்று தோற்றுக் கடலில் விழுந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று மறுபடி ஏவத் தயாரானபோது எரிபொருள் கசிந்ததால் புறப்படும் முன்பே நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் இருக்கும் மகேந்திரகிரியில் அந்த இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப எரித்துச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 2010-லேயே அந்த வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருந்தால், இன்று உங்கள் சுவரில் எந்தப் படம் இருந்திருக்கும்?

நானும் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள்தான். அக்டோபரில் மறுபடி எழுதலாம் என்று எனக்குச் சொல்ல அன்று ஆளில்லை. புத்தகத்தைக் கட்டி பரணில் போட்டுவிட்டு வெட்டுக் கத்தியை எடுத்தேன். முதல் மாதம் கத்தி ஆழமாகப் போய் எத்தனையோ மரங்களில் காயம் விழுந்தது. காயம்பட்ட இடத்தில் பட்டை நன்றாக வளராது, அது முதலாளிக்கு நட்டம். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா ஒவ்வொரு நாளும் "நாளைக்கும் வா" என்றுதான் சொன்னார். மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் பக்குவம் எனக்குக் கைவர ஓராண்டு ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தையை, எம்.எட். படித்தவர்களிடம் எதிர்பார்ப்பது தவறா?

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மாநில முதல் மாணவர் யார் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் மே மாதம் வந்தால் சந்திக்குச் சந்தி பதாகை நிற்கிறது. நூறு சதவீதம், நூறு சதவீதம் என்று. அந்த நூறில் வராமல் போன பிள்ளைகள் தனித்தேர்வர்களாக எங்கோ எழுதுகிறார்கள், அல்லது எழுதாமலேயே கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய தோல்வி எந்தப் பள்ளியின் கணக்கிலும் ஏறுவதில்லை. கல்வி அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்பதோடு, முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அது ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர்கள் நீங்கள். 22-ஐ 31 ஆக்கியதில் மதிய உணவு இடைவேளையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த உங்கள் கணக்கு ஆசிரியைக்கும் பங்கு உண்டு, அதை மறக்க மாட்டேன். அதனால்தான் திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். தோற்ற பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து வாங்கி அனுப்பாதீர்கள். பதாகையில் 97 என்று போட்டாலும் எங்கள் ஊரில் யாரும் உங்களைக் குறைத்து எண்ணமாட்டோம்.

அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டேன். பள்ளி திறக்கும் நாளில் இடவப்பாதி மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்பது மணிக்கு அவனோடு வாசலில் நிற்பேன். ஒன்பதாம் வகுப்பா பத்தாம் வகுப்பா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எந்த அறை என்று மட்டும் சொல்லுங்கள், அவன் போய் உட்கார்ந்துகொள்வான்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்