பைப் நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்

நாமக்கல்

அன்புள்ள கண்ணு,

நானும் அம்மாவும் நலம். பொங்கலுக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டார் முன்னால் உன்னை அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடாது. இரவு பஸ் ஏறும்வரை நீ என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அன்றே நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருந்த டீசல் காரில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டில் 17 ஸ்பேனரை மாட்டினாய். தவறு உன்னுடையதல்ல. பன்னிரண்டு வயதில் நம் பட்டறையில் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். லாரி இன்ஜின் ஓடும்போதே நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் படுத்திருக்கிறது. இந்த ஊரில் டீசல் பம்ப் வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் கண்டுபிடித்தோம். அந்தப் பாடத்தை இன்று நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை ஒருநாளும் செய்யாதே.

பழைய பம்பில் பிளஞ்சர் தள்ளும் நொடியில்தான் பைப்பில் அழுத்தம் ஏறும், உடனே இறங்கிவிடும். டீசலைத் தெளிக்கும் முனையான நாசில் திறப்பதே 200 பார் அளவில்தான். காமன் ரெயிலில் அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. வண்டி ஐடிலில் இருக்கும்போதே 250, 300 பார் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 1,600-ஐத் தொடும், புதிய வண்டிகளில் அதையும் தாண்டும். கார் டயரில் 32 என்று காற்றுப் பிடிக்கிறோமே, அது வெறும் 2.2 பார். அந்த நட்டு கால் சுற்றுத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான் கத்தினேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. நாசில் டெஸ்டரில் கைப்பிடியை அழுத்தி, புகைபோல வரும் ஸ்பிரே சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் ஆள்காட்டி விரல் குறுக்கே போய்விட்டது. ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை, வலியும் இல்லை. துடைத்துவிட்டு என்னோடு டீ குடிக்க வந்தார். இரவு விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது டீசல் தோலுக்கடியில் உள்ளங்கைவரை பரவியிருந்தது. இரண்டு கணுக்களை எடுக்க வேண்டியதாயிற்று. அது 200 பாரில் நடந்தது.

யாருக்காவது இப்படி நேர்ந்தால் வலிக்காகக் காத்திருக்காதே. அழுத்திப் பிதுக்காதே. அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியிருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் சொல். வெளியே தெரியும் புள்ளியைப் பார்த்துச் சிறிய காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடக் கூடாது.

எந்த சிலிண்டர் என்று பார்க்க இப்போது உன்னிடம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் அளவில் எவ்வளவு திருத்தம் ஓடுகிறது என்று அதில் பார். சந்தேகம் தீராவிட்டால் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டன் குழாய்களை ஒரே அளவான பாட்டில்களில் விட்டு, எதில் அதிகம் சேர்கிறது என்று பார். பைப்பைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் விடு. ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதை ஸ்கேனரில் உறுதிசெய்துகொள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, நட்டைச் சுற்றித் துணி வைத்து, பிறகு ஸ்பேனரைத் தொடு. கசிவைத் தேட விரலை ஓட்டாதே. ஓர் அட்டையை நீட்டிப் பார், ஈரம் அதில் தெரியும்.

அடுத்தது சுத்தம். இதில் என் காலத்தைவிட நீ பல மடங்கு கவனமாக இருந்தாக வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜெக்டருக்குள் உரசி ஓடும் பாகங்களின் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத தூசி அங்கே அரம்போல வேலை செய்யும். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட அம்மா யாரையும் அனுமதித்ததுண்டா? ரெயிலையும் அப்படித்தான் நினை. திறப்பதற்கு முன்பே நட்டைச் சுற்றி பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்திவிடு. திறந்த பிறகு அந்தப் பக்கம் காற்றடிக்கவே கூடாது. பைப் கழன்ற நொடியிலேயே இரண்டு முனைக்கும் மூடி போட்டுவிடு. பஞ்சு வேஸ்ட்டை அருகே கொண்டுபோகாதே; அதன் ஒரு நூல் போதும். நம் பட்டறையில் கைக்கு வந்ததெல்லாம் அந்த வேஸ்ட்தான். அந்தப் பழைய பம்ப் அதைத் தாங்கிக்கொண்டது.

இன்ஜெக்டரைக் கழற்றினால் எது எந்த சிலிண்டருடையது என்று குறித்துவை. தலையில் பொறித்திருக்கும் குறியீடு கம்ப்யூட்டரில் அந்தந்த சிலிண்டருக்கென்று பதிந்திருக்கிறது. அடியில் இருக்கும் செம்பு வாஷரை மறுபடி போடாதே. பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் புதியதை அதன் மேல் வைத்துவிடுகிறார்கள். பைப்பும் பல வண்டிகளில் ஒருமுறைதான். வாடிக்கையாளர் விலை கேட்டு முகம் சுளித்தாலும் மாற்றித்தான் தர வேண்டும்.

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்காத சாதாரண பெட்ரோல் காரில் அழுத்தம் மூன்று, நான்கு பார்தான், ஆனால் அங்கே ஆபத்து நெருப்பு. பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிடு. ஆறவிடு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். அங்கே பல்பு விளக்கு வேண்டாம்.

பெட்ரோலில் கை கழுவாதே. நான் முப்பது வருடம் கழுவினேன். மழைக்காலத்தில்கூட என் விரல் வெடிப்பு ஆறாததை நீ பார்த்திருக்கிறாய்.

பிளாஸ்டிக் மூடிகள், நைட்ரில் கையுறை இரண்டு பெட்டி, நூல் பிரியாத துணி ஆகியவற்றை முறுக்கு டப்பாவோடு சேர்த்து பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புதன்கிழமை காலையில் வந்துவிடும். மூடிகளைத் தனியாக உறையில் கட்டியிருக்கிறேன், எண்ணெய் பட்டிருக்காது. ஆனாலும் ஒருமுறை கழுவிக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்து.

அன்புடன்,
அப்பா