வட்டாரத்துக்கு ஓர் உணவியலாளர்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைப் பெரியோர்களுக்கு,

வணக்கம். ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனையில் உணவியலாளராக (டயட்டீஷியனாக) வேலை பார்த்துவிட்டு, இப்போது கல்லூரியில் ஊட்டச்சத்தும் உணவியலும் கற்பிக்கிறேன். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் எங்கள் துறை வாசலில் யாராவது ஓர் அப்பா வந்து நிற்பார். "இதைப் படிச்சா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வேலை கிடைக்குமாம்மா?" என்பார். பக்கத்தில் மகள் மார்க் ஷீட்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பாள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சில இடங்கள் உண்டு என்பேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை வராது. அந்த அப்பாவுக்காகத்தான் இந்த மடல்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சர்க்கரை நோய் மருத்துவர் வி.சேஷய்யாவின் உழைப்பும் உங்கள் துறையின் துணிவும் சேர்ந்து நடந்த காரியம் அது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். அடுத்து என்ன? வழிகாட்டு நெறிப்படி முதல் 2 வாரம் உணவுமுறைதான் சிகிச்சை. அதில் கட்டுப்படாவிட்டால்தான் மருந்து.

அந்த முதல் சிகிச்சையை எழுதித் தருவது யார்? நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, தடுப்பூசி, பதிவேடு, எடை பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு செவிலியர் சொல்ல முடிவது ஒரு வரிதான்: "இனிப்பு தொடாதே, சோத்தைக் குறை." அதைக் கேட்டுப் பயந்துபோய்ப் பாதி வயிற்றோடு கிடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கேழ்வரகு நல்லதாயிற்றே என்று மூன்று வேளையும் கூழாகவே குடித்துவிட்டு, "ஒரு பருக்கை சோறு சாப்பிடல மேடம், ஏன் சுகர் இறங்கல?" என்று அழுத பெண்ணையும் பார்த்திருக்கிறேன். நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அதே கேழ்வரகை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டு, கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால் கதை வேறு. மூன்று வேளைச் சாப்பாட்டைப் பிரித்து இடையில் சிறு தீனி வைப்பது, எந்த வேளைக்கு எவ்வளவு சோறு என்று அந்த வீட்டுக் கரண்டியைக் கொண்டே அளந்து காட்டுவது, இதற்கெல்லாம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். லாரி ஓட்டுநர். சிறுநீரகம் பழுதான தொடக்கத்தில், புரதத்தைக் குறைக்கச் சொல்லி ஓரிடத்தில் தாள் கொடுத்தார்கள். அப்போது அது சரிதான். பிறகு டயாலிசிஸ் தொடங்கியது. டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் உடலிலிருந்து புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் வெளியேறிவிடும் என்பதால் புரதத்தைக் கூட்டவேண்டும். கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. அதை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. மனைவி பழைய தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்து, பருப்பில்லாமல், முட்டையில்லாமல் மாதக்கணக்கில் பத்தியம் காத்திருக்கிறார். தெம்புக்கு இளநீர் வேறு. டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள். என்னிடம் வந்தபோது அவர் கையில் சதையே இல்லை. "நான்தான் அவரைப் பட்டினி போட்டேனா?" என்று அந்த அம்மா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. டயாலிசிஸை அரசு காப்பீட்டில் இலவசமாகத் தருகிறோம். அதோடு சேரவேண்டிய சாப்பாட்டை யார் சொல்லித் தருவது?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டு போகிறது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. அந்தக் குழுவில் தன்னார்வலர் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், நோய்த்தணிப்புச் செவிலியர் இருக்கிறார். சாப்பாட்டால் வந்து சாப்பாட்டால் அடங்கும் நோய்களுக்கான குழுவில் உணவியலாளருக்கு இடமில்லை.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. 40.4 சதவீதம் பெண்களுக்கு அளவுக்கு மீறிய எடை. இரண்டும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே உடம்பில். ஆளில்லாத குறையா இது? இல்லை, இந்தத் துறைக்கு நம் மண்ணிலேயே பழைய வேர் உண்டு. 1918இல் குன்னூரில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வாகத் தொடங்கியதுதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மனையியல் என்ற பெயரில் நம் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக இதைக் கற்பித்து வருகின்றன.

எங்கள் பிள்ளைகள் உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் படிக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி உணவுக்குக் கணக்குப் போடுகிறார்கள். முதுகலை முடித்து, 6 மாதம் மருத்துவமனைப் பயிற்சி முடித்து, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வை எழுதினால்தான் பதிவு பெற்ற டயட்டீஷியன். அந்த 6 மாதம் நான் ஒரு ரூபாய் கைநீட்டி வாங்கவில்லை. ஹாஸ்டல் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் போனது. இவ்வளவும் படித்துவிட்டு ஊருக்குப் போனால், "சத்துணவுக்கூட வேலையா?" என்பார்கள். சத்துணவுக்கூடத்தில் நிற்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்தப் படிப்பு எதற்கு என்பதே ஊருக்குத் தெரியாமல் இருப்பது வலிக்கிறது. சிலர் உணவு நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுக்குப் போகிறார்கள், சிலர் ஆசிரியராகிறார்கள். மிக நன்றாகப் படித்த ஒருத்தி புரோட்டீன் பவுடர் விற்கும் கடையில் நிற்கிறாள். அவளை அங்கே பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் எங்களையும் மருத்துவப் பணியாளர்களாகச் சேர்த்திருக்கிறது. அதன் அடிப்படையில்தான், 2025 ஜூலை-ஆகஸ்டு முதல் இந்தப் படிப்பைத் தொலைதூரக் கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. நோயாளியைத் தொடாமல் படிக்கக்கூடாத படிப்பு என்று ஒப்புக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். நேரில் வந்து படிக்கச் சொல்கிற அரசு, படித்தவர் உட்கார ஒரு நாற்காலியும் போடவேண்டும் அல்லவா?

நான் கேட்பது பெரிய தொகை பிடிக்கும் காரியமில்லை. தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஓர் உணவியலாளர் பணியிடம். வாரத்தில் கர்ப்பிணிகள் வரும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கட்டும், மற்ற நாட்களில் மக்களைத் தேடி மருத்துவக் குழுவோடு வீடுகளுக்குப் போகட்டும். டயாலிசிஸ் நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இன்னொருவர். பயிற்சி மாணவர்களுக்கு மாத உதவித்தொகை. சட்டம் சொல்லும் மாநிலப் பதிவேட்டில் எங்கள் பிரிவின் பெயர்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழோடு போர்டு மாட்டியவரிடம் யாரும் உடம்பை ஒப்படைக்காமல் இருக்க அது உதவும்.

அடுத்த சேர்க்கை மே மாதம். அதற்குள் முதல் அரசாணையாவது வரட்டும். அந்த அப்பா வந்து கேட்கும்போது "உண்டுங்கய்யா, உங்க ஒன்றியத்துலயே உண்டு" என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

பணிவன்புடன்,
ஓர் உணவியல் ஆசிரியை